எத்தனை ஆண்டு உழைக்கும் பேட்டரி? தில்லியின் மின்கார்களை முன்வைத்து

மின்கார் வாங்க வருபவர் விலையைக் கேட்ட கையோடு கேட்பது பேட்டரியின் ஆயுளை. கேள்வி புதிதல்ல. ஒரு நூற்றாண்டுக்கு முன் அமெரிக்க நகரங்களில் பெட்ரோல் கார்களோடு மின்கார்களும் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே அது கேட்கப்பட்டது. அன்றைய ஈய-அமில பேட்டரிகள் சீக்கிரம் சோர்ந்துபோயின. தாமஸ் ஆல்வா எடிசன் அதற்கு மாற்றாக நிக்கல்-இரும்பு பேட்டரியைக் கொண்டுவந்தார். முதல் வடிவம் கசிந்ததால் 1904-இல் திரும்பப் பெற்றார். திருத்திய வடிவம் 1909-இல் வந்தது. வண்டியைவிட அதிக காலம் உழைக்கும் என்று பெயரும் வாங்கியது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே ஃபோர்டின் 'மாடல் டி' சந்தைக்கு வந்துவிட்டது. பதில் கிடைத்த நேரத்தில் கேட்க ஆளில்லை.

லித்தியம் அயனி பேட்டரி கார்களுக்குள் வந்த பிறகு கேள்வி மறுபடி எழுந்தது. கடந்த 15 ஆண்டுகளில் அதற்குக் கிடைத்த பதில்கள் ஒன்றுக்கொன்று முரணானவை. எட்டு ஆண்டு என்கிறது வாரண்டித் தாள். 20 ஆண்டு என்கிறார் ஆய்வக வேதியியலாளர். "நம்ம ஊர் வெயிலுக்கு அஞ்சு வருஷம் தாங்கினால் அதிகம்" என்கிறார் தெருமுனை மெக்கானிக். இவர்களில் யாரும் பொய் சொல்வதாகத் தெரியவில்லை. ஒவ்வொருவரும் அளப்பது வேறு வேறு ஒன்றை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

தில்லியில் இந்தக் கேள்விக்குப் பிற நகரங்களில் இல்லாத ஓர் அளவுகோலும் உண்டு. தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இட்ட உத்தரவை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உறுதிசெய்தது. 2025 ஜூலை 1 முதல் அத்தகைய வண்டிகளுக்குப் பெட்ரோல் பங்குகளில் எரிபொருள் தரக்கூடாது என்று எடுத்த முயற்சி சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் கெடுபிடியைத் தளர்த்தியது. ஆனாலும் 'பத்து வருஷ வண்டி' என்ற கணக்கு தில்லிவாசிகளின் மனத்தில் பதிந்துவிட்டது. மின்கார்களுக்கு இந்த வயது வரம்பு இல்லை. ஆகவே, இயந்திரம் நன்றாக இருந்தும் சட்டத்தால் ஓய்வுபெறும் டீசல் காரோடுதான் தில்லியில் மின்காரின் பேட்டரி போட்டியிடுகிறது. தாண்டவேண்டிய கோடு 10 ஆண்டு. சென்னையிலோ மதுரையிலோ இருப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

இ-ரிக்‌ஷா விட்டுச்சென்ற பயம்

பேட்டரி சீக்கிரம் செத்துவிடும் என்ற நிலைப்பாடே மிகப் பழையது. அதற்குத் தில்லியில் வலுவான காரணமும் இருந்தது. 2010 காமன்வெல்த் போட்டிகளை ஒட்டிய ஆண்டுகளில் நகரத் தெருக்களில் பெருகத் தொடங்கிய இ-ரிக்‌ஷாக்களை 2014 ஜூலையில் தில்லி உயர் நீதிமன்றம் தடைசெய்தது. 2015-இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் அவற்றை முறைப்படுத்தியது. தில்லிவாசிகளில் பெரும்பாலோர் முதலில் ஏறிய மின்வண்டி இதுதான். இருக்கைக்கு அடியில் 12 வோல்ட் ஈய-அமில பேட்டரிகள் நான்கு. மெட்ரோ வாசலில் காலையில் தொடங்கி, இரவு வண்டி இழுக்கத் திணறும்வரை ஓட்டுவார்கள். பிறகு குடோனில் வரிசையாக நிறுத்தி விடிய விடிய சார்ஜ். மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றவேண்டும். கோடையில் அடிக்கடி ஊற்றவேண்டும். வேலை மும்முரத்தில் விட்டுப்போகும்.

ஈய-அமில பேட்டரிக்கு முழுதாகக் காலியாவது பிடிக்காது. ஆழமாக இறங்கிய நிலையில் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் கரையாது. தினமும் இப்படி ஆழமாக இறக்கினால் சில நூறு சுற்றுகளே தாங்கும். நாளுக்கு ஒரு சுற்று என்றால் ஓராண்டு ஓடுவதே நல்ல கணக்கு. பலருக்கு அதற்கும் முன்பே நான்கு பேட்டரிகளையும் மாற்றும் செலவு வந்துவிடுகிறது. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியும் இதே குடும்பம். மே மாதத்தில் மின்வெட்டின்போது அது கைவிட்ட அனுபவம் இல்லாத வீடு வட இந்தியாவில் குறைவு.

பெங்களூரில் 2001-இல் வந்த ரேவா காரும் ஈய-அமில பேட்டரியில்தான் ஓடியது. அந்த நிறுவனத்தை வாங்கிய மஹிந்திரா 2013 மார்ச்சில் லித்தியம் பேட்டரி கொண்ட 'இ2ஓ' காரைத் தில்லியில் அறிமுகப்படுத்தியபோதும் வாங்குவோரின் மனத்தில் இருந்தது பழைய பயமே. பேட்டரிக்கு மட்டும் மாதாமாதம் கட்டணம் செலுத்தும் திட்டமொன்றை நிறுவனம் பின்னர் கொண்டுவர நேர்ந்தது. பதினோரு ஆண்டு கழித்து 2024 செப்டம்பரில் 'எம்.ஜி. விண்ட்சர்' வந்தபோது அதே யோசனை கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் வாடகையாக மறுபிறவி எடுத்தது. விற்பவர்கள் பயத்தை மறுக்கவில்லை. விலைப்பட்டியலில் அதற்கென ஒரு வரியை ஒதுக்கினார்கள்.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் வெளிப்படை. ஈயத்தில் கண்டதை லித்தியத்துக்கு அப்படியே நீட்டுகிறது. இரண்டும் மூப்படைவதற்கான காரணங்கள் வேறு.

மின்கலத்துக்குள்

லித்தியம் அயனி மின்கலத்தின் அடிப்படையை அமைத்த விட்டிங்ஹாம், குட்இனஃப், யோஷினோ மூவரும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள். 1991-இல் சோனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சார்ஜ் ஆகும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய்ப் புகுந்துகொள்கின்றன. ஓட்டும்போது வெளியே வந்து எதிர்முனைக்குத் திரும்புகின்றன. முதல் சார்ஜிலேயே கிராஃபைட்டின் மேல் மெல்லிய படலம் ஒன்று படிகிறது. அந்தப் படலம் இல்லாவிட்டால் உள்ளிருக்கும் திரவம் சிதைந்துகொண்டே போகும். ஆகவே அது காவல். ஆனால் அந்தக் காவலுக்குக் கூலியாகக் கொஞ்சம் லித்தியம் நிரந்தரமாகப் பறிபோகிறது. படலம் தடிக்கத் தடிக்கப் பறிபோவதும் கூடுகிறது. வண்டி ஓடாமல் நின்றாலும் இது நடக்கும். இதை நாட்காட்டி மூப்பு என்கிறார்கள்.

படலத்தின் தடிமன், எளிய மாதிரியின்படி, காலத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும். முதல் ஆண்டில் 5 விழுக்காடு இழந்த பேட்டரி அந்தக் கணக்கில் நான்காம் ஆண்டில் 10, ஒன்பதாம் ஆண்டில் 15 விழுக்காடு இழந்திருக்கும். புதுக்கார் வாங்கியவர் முதலிரண்டு ஆண்டில் சரிவைக் கண்டு பதறுவதும் பிறகு அமைதியாவதும் இதனால்தான். உண்மை வண்டிகள் சூத்திரத்துக்கு இவ்வளவு கீழ்ப்படிவதில்லை.

மற்றொன்று சுற்று மூப்பு. அயனிகள் புகுந்து வெளியேறும்போது துகள்கள் விரிந்து சுருங்கி விரிசல் விடுகின்றன. 250 கிலோமீட்டர் ஓடக்கூடிய கார் ஒன்று 1,000 முழுச் சுற்று தாங்கும் என்று குறைவாகவே வைத்தாலும் இரண்டரை லட்சம் கிலோமீட்டர் வருகிறது. நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டும் தில்லி அலுவலருக்கு அது 17 ஆண்டு. சொந்தக் காரைப் பொறுத்தவரை சுற்றுகள் தீர்வதற்கு முன்னரே நாட்காட்டி முந்திக்கொள்ளும். வாடகைக் காருக்குக் கணக்கு தலைகீழ்.

வேதியியல் வகையும் முக்கியம். நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட் கலந்த வகை குறைந்த எடையில் அதிக மின்சாரம் வைத்திருக்கும். இரும்பு பாஸ்பேட் வகை, அதாவது எல்.எஃப்.பி., எடை கூடியது. ஆனால் சுற்றுகளைக் கூடுதலாகத் தாங்கும், எளிதில் தீப்பிடிக்காது. இந்தியச் சாலைகளில் இப்போது அதிகம் ஓடுவது இந்த இரண்டாம் வகை. வெளிநாட்டு ஆய்வுகளில் பழைய தரவு பெரும்பாலும் முதல் வகையிலிருந்து வந்தது. அங்கிருந்து இங்கே எண்ணைக் கொண்டுவரும் எவரும் முதலில் பார்க்கவேண்டிய வேறுபாடு இது. பெரும்பாலான பத்திரிகைச் செய்திகள் பார்ப்பதில்லை.

ஃபீனிக்ஸ் வெயிலும் தில்லி இரவும்

வெப்பத்தை முன்னிறுத்தும் நிலைப்பாட்டுக்குச் சாட்சி உண்டு. 2010 இறுதியில் வந்த நிசான் லீஃப் கார்கள் 2012 கோடையில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், குறிப்பாக ஃபீனிக்ஸ் நகரில், கொள்திறனை வேகமாக இழக்கத் தொடங்கின. அக்காரின் முகப்பில் பேட்டரியின் நலத்தைக் காட்ட 12 கோடுகள் உண்டு. ஓரிரு ஆண்டிலேயே அவை ஒவ்வொன்றாக மறைவதை உரிமையாளர்கள் கண்டார்கள். வழக்கு தொடுத்தார்கள். ஐந்து ஆண்டு அல்லது 60,000 மைலுக்குள் ஒன்பது கோடுகளுக்குக் கீழே இறங்கினால் சரிசெய்து தருவதாக நிறுவனம் புதிய உறுதி தரவேண்டியதாயிற்று. ஆண்டுச் சராசரி வெப்பநிலையில் ஃபீனிக்ஸும் தில்லியும் கிட்டத்தட்ட ஒன்று. இரண்டும் 25 டிகிரி செல்சியஸை ஒட்டியவை. தில்லிக்காரர் இதைப் படித்துக் கலங்கினால் குறைசொல்ல முடியாது.

வேதிவினைகளின் வேகம் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் சுமார் இருமடங்காகும் என்பது பழைய கட்டைவிரல் விதி. படலம் தடிப்பதற்கும் இது ஓரளவு பொருந்தும். விதி இப்படி இருப்பதால் ஆண்டுச் சராசரி நம்மை ஏமாற்றும்: ஜனவரியின் குளிர் மிச்சப்படுத்துவதைவிட ஜூனின் சூடு அதிகம் எடுத்துக்கொள்ளும். சராசரி 25 டிகிரி என்றாலும் பேட்டரி உணரும் ஆண்டு அதைவிடச் சூடானது.

ஆனால் எந்தச் சூடு? 2024 மே 29 அன்று தில்லியின் முங்கேஷ்பூர் வானிலை நிலையம் 52.9 டிகிரி காட்டியது, உலகெங்கும் செய்தியானது. பிறகு வானிலைத் துறை ஆராய்ந்து, உணர்கருவி சுமார் 3 டிகிரி கூட்டிக் காட்டியதாகச் சொன்னது. அந்த 52.9-ஐ மேற்கோள் காட்டி மின்காருக்கு எதிராக எழுதியவர்கள் பலர். பேட்டரியின் கோணத்தில் அதைவிடக் கவலைதரும் எண் அடுத்த மாதம் வந்தது. 2024 ஜூன் 19 அன்று தில்லியின் சஃப்தர்ஜங் நிலையத்தில் குறைந்தபட்ச வெப்பநிலையே 35.2 டிகிரி. மின்கார் பேட்டரி சில நூறு கிலோ எடையுள்ள கனத்த பொருள். தரைத்தளத்துக்கு அடியில், நேர்வெயில் படாத இடத்தில் கிடக்கிறது. மதியத்தின் உச்சச் சூடு அதற்குள் முழுதாக இறங்குவதற்குள் மாலை வந்துவிடும். அது பின்பற்றுவது இரவு பகல் சேர்ந்த நாளின் சராசரியை. இரவும் ஆறாத ஜூன் மாதத்தில் மயூர் விகாரிலோ ஆர்.கே. புரத்திலோ திறந்தவெளியில் நிற்கும் கார் 24 மணி நேரமும் மூப்படைந்துகொண்டிருக்கும். சார்ஜை 100 விழுக்காட்டுக்கு ஏற்றி அப்படியே வாரக்கணக்கில் நிறுத்திவைத்தால் இன்னும் வேகம்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு, வலுவானது. அந்த லீஃப் கார்களில் பேட்டரியைக் குளிர்விக்க எந்த ஏற்பாடும் இல்லை. காற்று தானாகப் பட்டு ஆறவேண்டும். 2020 ஜனவரியில் வந்த டாடா நெக்ஸான் மின்கார் முதற்கொண்டு இன்றைய இந்தியக் கார்களில் பெரும்பாலானவற்றில் பேட்டரியைச் சுற்றிக் குளிர்விப்புத் திரவம் ஓடுகிறது. வேதியியல் வகையும் மாறிவிட்டது. ஆகவே ஃபீனிக்ஸ் அனுபவம் ஒரு வடிவமைப்பின் தோல்வி, வெப்பநாடுகள் எல்லாவற்றுக்குமான தீர்ப்பு இல்லை என்பது மறுசாராரின் வாதம். ஏற்கத்தக்கது. ஒரு திருத்தம் மட்டும் சேர்க்கவேண்டும்: திரவக் குளிர்விப்பு வண்டி ஓடும்போதும் சார்ஜ் ஆகும்போதும்தான் முழுமூச்சாக வேலை செய்கிறது. சொந்தக் கார் தன் வாழ்நாளில் 90 விழுக்காட்டுக்கு மேல் நின்றே கழிக்கிறது.

குளிர் பற்றி ஒரு சொல். தில்லியில் 2021 புத்தாண்டு அன்று வெப்பநிலை 1.1 டிகிரிக்கு இறங்கியது. அத்தகைய காலையில் ரேஞ்ச் குறைவது தற்காலிகம்; வெயில் வந்ததும் திரும்பிவிடும். உறைந்த பேட்டரியில் உடனே ஃபாஸ்ட் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரக் கேடு வரலாம். ஆனால் அதைத் தடுக்கக் காரின் மேலாண்மை அமைப்பே வேகத்தைக் குறைத்துவிடும்.

ஓடிய வண்டிகளின் கணக்கு

கடந்த பத்தாண்டில் நம்பிக்கையாளர்களின் கையை ஓங்கச் செய்தவை வண்டிகளிலிருந்தே திரட்டிய தரவுகள். கனடாவின் ஜியோடாப் நிறுவனம் 2019-இல் சுமார் 6,300 மின்வாகனங்களை ஆராய்ந்து, ஆண்டுக்குச் சராசரி 2.3 விழுக்காடு கொள்திறன் இழப்பு என்றது. 2024-இல் சுமார் 10,000 வாகனங்களின் தரவில் அது 1.8 ஆகக் குறைந்தது. பேட்டரி காரைவிட அதிக காலம் வாழும் என்ற தலைப்புகள் அப்போது வந்தன. பின்னர் 22,000-க்கும் மேற்பட்ட வாகனங்களைக் கொண்டு செய்த கணக்கில் மறுபடியும் 2.3. உயர்சக்தி ஃபாஸ்ட் சார்ஜை அதிகம் நம்பும் வண்டிகளில் இழப்பு ஆண்டுக்கு 3 விழுக்காட்டை நெருங்கியது. மெதுவாகச் சார்ஜ் செய்தவற்றில் ஒன்றரை அளவில் நின்றது. வெப்பப் பகுதிகளில் கூடுதல் இழப்பு அரை விழுக்காட்டுக்கும் குறைவே.

அமெரிக்காவின் ரிகரண்ட் நிறுவனம் வேறொரு திசையில் எண்ணியது: எத்தனை கார்களில் பேட்டரியையே மாற்றினார்கள்? தயாரிப்பாளர்கள் திரும்பப் பெற்றவற்றை நீக்கிவிட்டால் சுமார் 20,000 கார்களில் இரண்டரை விழுக்காடு. 2015 வரையிலான கார்களில் 13 விழுக்காடு. 2016 முதல் வந்தவற்றில் ஒன்றுக்கும் கீழே. அதே நிறுவனம் டெஸ்லா கார்களில் ஃபாஸ்ட் சார்ஜுக்கும் இழப்புக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு காணவில்லை என்றது. இரு நிறுவனங்களும் நல்ல தரவை வைத்துக்கொண்டு ஃபாஸ்ட் சார்ஜ் பற்றி வேறுவேறு முடிவுக்கு வந்திருப்பதைக் கவனிக்கவேண்டும். வீட்டில் சார்ஜர் பொருத்த வழியில்லாத டி.டி.ஏ. (தில்லி வளர்ச்சி ஆணைய) அடுக்ககவாசிக்கு இது வெறும் ஆராய்ச்சி விவாதமாக முடிவதில்லை. தில்லியின் பொது நிலையங்களில் பல, அந்த ஆய்வுகள் பேசும் 100 கிலோவாட்டுக்கும் குறைந்த சக்தி கொண்டவை. ஆகவே கேடு குறைவாக இருக்கலாம் என்று ஊகிக்கலாம், அவ்வளவே.

ஆய்வகத்தின் பக்கமிருந்தும் நற்செய்தி வந்தது. கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் ஜெஃப் டான் குழு 2019-இல் வெளியிட்ட கட்டுரை, தகுந்த மூலப்பொருள்களைத் தேர்ந்தால் ஒரு பேட்டரி 16 லட்சம் கிலோமீட்டர் உழைக்கும் என்று காட்டியது. 2024 இறுதியில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இன்னொரு கோணத்தைத் திறந்தார்கள். ஆய்வகங்கள் வழக்கமாக மாறாத மின்னோட்டத்தில் மின்கலத்தைக் காலி செய்து ஆயுளை அளக்கின்றன. உண்மைச் சாலையில் கார் முடுக்குகிறது, தளர்கிறது, பிரேக்கில் மின்சாரத்தைத் திரும்பப் பெறுகிறது, நிற்கிறது. இந்த ஏற்ற இறக்கத்தோடு 92 மின்கலங்களை இரண்டு ஆண்டுக்கு மேல் சோதித்தபோது ஆயுள் 38 விழுக்காடுவரை கூடியது. ஆஷ்ரம் சந்திப்பு நெரிசலுக்கு இப்படியும் ஒரு பயன் இருக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இத்தகைய கணக்குகளின் குறை இரண்டு. சராசரி என்பது ஒரு தொகுதியின் குணம்; உங்கள் காரின் விதி இல்லை. நூற்றுக்கணக்கான மின்கலங்களில் ஒன்று பழுதானாலும் மொத்தத் தொகுப்பும் அதன் அளவுக்கு இறங்கிவிடும். மெல்லத் தளர்வதும் திடீரென்று விழுவதும் வேறு வேறு நிகழ்வுகள். இரண்டாவது, இவற்றில் இந்திய வண்டிகள் கிட்டத்தட்ட இல்லை.

80 விழுக்காடு யார் சொன்னது?

எல்லாக் கணக்கும் பேட்டரி எப்போது 'முடிந்தது' என்பதில் வந்து நிற்கிறது. கொள்திறன் 80 விழுக்காட்டுக்கு இறங்கினால் ஆயுள் முடிந்தது என்ற வழக்கம் 1990-களில் அமெரிக்க மேம்பட்ட பேட்டரிக் கூட்டமைப்பு வகுத்த சோதனை விதிகளிலிருந்து பரவியது. அன்றைய கார்களின் ரேஞ்ச் மிகக் குறைவு. 20 விழுக்காடு இழந்தால் அலுவலகம் போய்த் திரும்ப முடியாது. 300 கிலோமீட்டர் ஓடும் காருக்கும் அதே எல்லையை வைப்பதில் பொருள் குறைவு. 2015-இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் சம்வேக் சக்சேனா முதலானோர் அமெரிக்கர்களின் அன்றாடப் பயணங்களை வைத்துக் கணித்து, 80-க்குக் கீழே வெகுதூரம் இறங்கிய பேட்டரியும் பெரும்பாலோரின் தேவையைத் தீர்க்கும் என்று எழுதினார்கள். நொய்டாவிலிருந்து கன்னாட் பிளேஸ் போய்வருபவருக்கு 60 விழுக்காடு பேட்டரியும் போதும். வார இறுதியில் ஜெய்ப்பூர் போகிறவருக்குப் போதாது.

ஐ.நா. வாகன விதிமுறை மன்றம் 2022-இல் ஏற்ற உலகத் தொழில்நுட்ப விதி, ஐந்து ஆண்டு அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டரில் 80 விழுக்காடும், எட்டு ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டரில் 70 விழுக்காடும் மீதம் இருக்கவேண்டும் என்கிறது. இந்திய நிறுவனங்களின் வாரண்டி பெரும்பாலும் இந்த எட்டு, 1.6 லட்சம் என்ற எண்களையே ஒட்டியது. எட்டாம் ஆண்டு முடிந்த மறுநாள் பேட்டரி செத்துவிடும் என்று அதைப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். அதுவரை 70-க்குக் கீழே போகாது என்று பந்தயம் கட்டும் நிறுவனம், தோற்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்று கணித்துத்தான் கட்டுகிறது. 2024 நவம்பரில் மஹிந்திராவும், 2025-இல் டாடாவும் சில கார்களுக்கு 'வாழ்நாள்' வாரண்டி அறிவித்தன. டாடாவின் வாழ்நாள் என்பது பதிவிலிருந்து 15 ஆண்டு. இத்தகைய உறுதிகள் முதல் உரிமையாளருக்கே முழுமையானவை. கை மாறினால் சுருங்கும். காரை விற்காமல் வைத்திருப்பவருக்கே முழுப்பயன். ஆனால் இந்தியாவில் புதுக்கார் வாங்குவோர் பலர் ஏழெட்டு ஆண்டில் விற்றுவிடுவார்கள் என்பது நிறுவனங்களுக்குத் தெரியாததல்ல.

அளக்கத் தெரியாத இழப்பு

2021-இல் தில்லியில் நடந்தது இந்தக் குழப்பத்தை நன்கு காட்டும். 2020 ஆகஸ்டில் தில்லி அரசு கொண்டுவந்த மின்வாகனக் கொள்கை கார்களுக்குக் கிலோவாட் மணிக்கு 10,000 ரூபாய் வீதம் மானியம் தந்தது. உச்சவரம்பு ஒன்றரை லட்சம். நெக்ஸான் மின்காரின் சான்றளிக்கப்பட்ட ரேஞ்ச் 312 கிலோமீட்டர். தனக்கு 200-ஐத் தாண்டவில்லை என்று ஒரு வாடிக்கையாளர் முறையிட, போக்குவரத்துத் துறை 2021 மார்ச்சில் அந்த மாதிரிக்கான மானியத்தை நிறுத்தியது. நிறுவனம் வழக்கு தொடுத்தது. தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவுக்கு இடைக்காலத் தடை விதித்தது. சான்று தரும் சோதனை ஏ.சி. போடாமல், மிதமான வேகத்தில், ஆய்வக உருளைமேல் நடப்பது. பேட்டரி முழு நலத்தோடு இருந்தாலும் தில்லிச் சாலையில் அந்த எண் வருவது அரிது. அதாவது ஒருவர் கண்ட குறைவு சோதனைமுறையின் மிகையா, ஓட்டும் விதமா, ஏ.சி.யா, மூப்பா என்று பிரித்துச் சொல்ல அன்று பொதுவான வழி இல்லை. இன்றும் உரிமையாளர் கையில் அத்தகைய வழி இல்லை. முகப்பில் காட்டும் எண் பழைய ஓட்டத்திலிருந்து ஊகித்தது. எல்.எஃப்.பி. மின்கலத்தில் மின்னழுத்தம் நெடுநேரம் மாறாமல் இருப்பதால் எவ்வளவு மீதம் என்று கணிப்பது மேலாண்மை அமைப்புக்கே சிரமம். அவ்வப்போது முழுச் சார்ஜ் ஏற்றச் சொல்வது அதற்காகத்தான்.

நின்றுபோன கார்கள்

தில்லியில் இக்கேள்விக்கு விடைதரக்கூடிய பெரும் சோதனைச்சாலை ஒன்று இருந்தது. 2019-இல் தொடங்கிய ப்ளூஸ்மார்ட் 8,000-க்கும் மேற்பட்ட மின்கார்களைக் கொண்டு முழுக்க மின்சார டாக்சி சேவை நடத்தியது. தினமும் நெடுநேரம் ஓடிய, நிறுவனத்தின் மையங்களில் சார்ஜ் ஏறிய, ஒவ்வொரு கிலோமீட்டரும் பதிவான வண்டிகள். அதற்குக் கார்களைக் குத்தகைக்குத் தந்துவந்த ஜென்சால் நிறுவனம் பற்றிப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் உத்தரவு 2025 ஏப்ரல் 15 அன்று வந்தது. அடுத்த நாளே ப்ளூஸ்மார்ட்டின் முன்பதிவு நின்றது. ஆயிரக்கணக்கான கார்கள் திறந்தவெளி மைதானங்களில் அந்தக் கோடை முழுதும் நின்றன. சில பின்னர் வேறு நிறுவனங்களுக்கு வாடகைக்குப் போயின.

சுற்று மூப்பில் முன்னேறிய பேட்டரிகள் திடீரென்று நாட்காட்டி மூப்புக்கு மட்டும் ஆளான நிலை இது. முழுச் சார்ஜில் நிறுத்தப்பட்டவை வெப்பத்தில் வேகமாக மூத்திருக்கும். காலியாக நிறுத்தப்பட்டவை காரின் மின்னணுச் சாதனங்கள் உறிஞ்சியதில் அபாயகரமாகக் கீழே இறங்கியிருக்கக்கூடும். பாதிச் சார்ஜில் நின்றவை பிழைத்திருக்கும். கடன் கொடுத்தவர்களுக்கு இந்தக் கார்களின் மதிப்பு பேட்டரியின் நலத்தைப் பொறுத்தது. ஒரு வேதியியல் கேள்வி இங்கே வங்கிக் கேள்வியாகிவிட்டது. தரவு மட்டும் பொதுவெளிக்கு வரவில்லை.

பேருந்துகளில் வேறு தீர்வு கண்டார்கள். 2022 ஜனவரியில் தொடங்கிய தில்லி மின்பேருந்துகள் பெரும்பாலும் 12 ஆண்டு ஒப்பந்தத்தில், கிலோமீட்டருக்கு இவ்வளவு என்ற கட்டணத்தில் ஓடுகின்றன. இடையில் பேட்டரியை மாற்றும் செலவு நடத்துபவர் தலையில். எத்தனை ஆண்டு உழைக்கும் என்று பயணியோ அரசோ கேட்கவேண்டியதில்லை.

இன்னும் தெளியாதவை

இதுவரை கிடைத்த சான்றுகளை எடைபோட்டால், திரவக் குளிர்விப்புள்ள எல்.எஃப்.பி. கார் ஒன்றைத் தில்லியில் மிதமாக ஓட்டுபவருக்கு 10 ஆண்டு என்ற கோட்டைத் தாண்டுவது பெரும்பாலும் சாத்தியம் என்றே தோன்றுகிறது. வெப்பவாதிகளின் அச்சம் அடிப்படையற்றதல்ல, அளவில் மிகை. 20 ஆண்டு என்பவர்களின் உறுதிக்கு இந்திய மண்ணில் இன்னும் சான்றில்லை.

சில முடிச்சுகள் அவிழாமலே இருக்கின்றன. சீராக இறங்கிவந்த கொள்திறன் ஒரு கட்டத்தில் முழங்கால் மடிவதுபோலச் சட்டென்று சரியும் என்பது ஆய்வகங்களில் கண்டது; 35 டிகிரி இரவுகளில் வாழும் எல்.எஃப்.பி. பேட்டரிக்கு அந்த மடிப்பு எப்போது வரும் என்பதற்குச் சாலைச் சான்று வேண்டும். வாரண்டி முடிந்த பிறகு ஒரு மாட்யூலை மட்டும் பிரித்துச் சரிசெய்யும் கைகள் கரோல் பாக் மெக்கானிக் கடைகளில் உருவாகுமா, அல்லது முழுத் தொகுப்பையும் மாற்றுவதே வழியா என்பது வேதியியலைவிட ஆயுளைத் தீர்மானிக்கக்கூடும். 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளருக்குத் தந்தன. கிரேட்டர் நொய்டாவின் லோஹம் போன்ற நிறுவனங்கள் காருக்குத் தளர்ந்த பேட்டரியை மின்சேமிப்புக்குத் திருப்புகின்றன. அந்தச் சந்தை வளர்ந்தால் 60 விழுக்காடு பேட்டரிக்கும் ஒரு விலை இருக்கும். செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவரின் கணக்கு மாறும்.

அரசின் 'வாகன்' பதிவேட்டில் ஒவ்வொரு காரின் பதிவு நாளும் உண்டு. பேட்டரியின் நலம் பற்றி அதில் ஒரு கட்டமும் கிடையாது. அந்த விவரம் நிறுவனங்களின் சர்வர்களில் ஏற்கெனவே சேர்ந்துகொண்டிருக்கிறது. 2020 தொடக்கத்தில் விற்ற முதல் நெக்ஸான் கார்களின் எட்டாண்டு வாரண்டி 2028-இல் முடியத் தொடங்கும். அதற்குள் அந்த விவரத்தை, பெயர் நீக்கி, நகரவாரியாக வெளியிட அரசு கேட்குமா, நிறுவனங்கள் தருமா என்பதைப் பொறுத்தே தில்லிக்கான எண் கிடைக்கும்.